நான்கு பூச்சுகளின் வரலாறு

2024 இறுதியில் ஆசிரியர் சேவையிலிருந்து ஓய்வுபெற்றபோது, இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "வாப்பாட காருக்குப் பெயின்ட் அடிக்கப் போறேன்." கேட்டவர்கள் சிரித்தார்கள். முப்பத்தைந்து வருடங்கள் வரலாறு படிப்பித்தவன், வெண்கட்டியைத் தவிர வேறு கருவி எதையும் கையில் எடுத்தறியாதவன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கார், 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. மாத்தளையில் சிறியதொரு புடவைக் கடை வைத்திருந்த மர்ஹூம் வாப்பா, அதைப் பாவித்த காராக 1966இல் வாங்கினார். 1998இல் அவர் மௌத்தான பின் அது என்னிடம் வந்தது. 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற காலத்தில் தகரக் கொட்டிலுக்குள் நிறுத்தியதுதான். பிறகு வெளியே வரவில்லை. மேற்பூச்சு முதலைத் தோல்போல வெடித்துக் கிடந்தது.

முதலில் ஒரு கராஜில் விசாரித்தேன். இரும்பு தெரியும்வரை எல்லாவற்றையும் உரித்தெடுத்துவிட்டுப் புதிதாக அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். முறையான வேலைதான். ஆனால் அவர்கள் சொன்ன தொகை என் ஓய்வூதியத்துக்கு எட்டாததாக இருந்தது. ஆகவே நானே செய்வதென்று முடிவெடுத்தேன். இப்படிச் சிக்கனத்துக்காகத் தொடங்கிய வேலை எங்கு கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் தெருவில் பெயின்ட் பாஸ் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். இளைப்பு வருத்தத்தால் தொழிலை விட்டவர். கைத்தொழிலாளரை நாம் 'பாஸ்' என்றழைப்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற வழக்கு; அவர்களது மொழியில் அச்சொல்லுக்குத் தலைவன், மேற்பார்வையாளன் என்று பொருள். பாஸ் நாநா காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பொனட்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சேர், பெயின்ட் அடிக்கிறது ஒரு நாள் வேல. அதுக்கு முந்தின வேலதான் ஒரு மாசம். ஆக்கள் காணுறது அந்த ஒரு நாளத்தான்" என்றார்.

அவர் சொற்படி முதலில் கழுவினேன். பிறகு மண்ணெண்ணெயைப் போன்ற வைட் ஸ்பிரிட்டைத் துணியில் தோய்த்து, பழைய மெழுகையும் கிரீஸையும் துடைத்தேன். மெழுகு இருக்கும்போதே தேய்த்தால் அது கீறல்களுக்குள் புகுந்துகொள்ளும். அதன் மேல் எந்தப் பெயின்டும் பிடிக்காது. அடுத்து பம்பர், விளக்கு வளையம், இலச்சினை, ரப்பர் என்று கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி, மருந்துக்கடை உறைகளில் போட்டுப் பெயரெழுதி வைத்தேன். கதவுத் தூணிலிருந்து கைபோல நீளும் பழைய சமிக்ஞைக் கைகாட்டிகளையும் எடுத்தேன். 1961இன் பிற்பகுதியில் மைனருக்கு மின்னும் விளக்குகள் வந்துவிட்டன. அதற்கு முந்திய கார் இது என்பதற்கு அந்தக் கைகாட்டிகளே சாட்சி.

இலக்கத் தகட்டைக் கழற்றும்போது சற்று நின்றேன். வாப்பா தன் கையால் எழுதிய இலக்கம். நடுவில் சிங்கள 'ஸ்ரீ'. அந்த எழுத்து 1957 ஜனவரியில் வாகன இலக்கங்களில் கட்டாயமாக்கப்பட்டது. அதை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதும் போராட்டத்தைத் தமிழரசுக் கட்சி நடத்தியது. 1958இல் தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளின் மேல் தார் பூசப்பட்டது. அவ்வருட மே மாதக் கலவரத்துக்கு முன்னோடியாக அமைந்த நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. ஒரு தூரிகையும் ஒரு சிரட்டைத் தாரும் ஒரு நாட்டை என்ன செய்யக்கூடும் என்பதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அத்தகடு வீட்டிலேயே இருந்தும் எடுத்துக்காட்டாக நான் அதைச் சொன்னதில்லை.

அடுத்தது சோதனை. பழைய பூச்சு எத்தகையது என்று அறியாமல் அதன் மேல் எதையும் அடிக்கலாகாது. தின்னரில் தோய்த்த துணியை மறைவான ஓரிடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பூச்சு கரைந்து துணியில் ஒட்டினால் அது என்சி என்று சொல்லப்படும் நைட்ரோசெலுலோஸ் பெயின்ட். சுருங்கிக் கிளம்பினால் காற்றில் உலர்ந்த எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால், சூளையில் சுட்டு இறுக்கிய எனாமல் அல்லது இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் புதுவகைப் பெயின்ட். எங்கள் காரின் மேற்பூச்சான பழுப்பு வெள்ளை உடனே துணியில் ஒட்டியது.

"இது டூக்கோ, சேர்" என்றார் பாஸ் நாநா.

அவர் வாயில் சாதாரணமாக வந்த இச்சொல்லுக்கு நூறு வருட வரலாறு உண்டு. தொடக்க காலக் கார்களுக்குக் குதிரை வண்டிகளுக்கு அடிப்பதுபோலத் தூரிகையால்தான் வார்னிஷ் பூசினார்கள். ஒரு பூச்சு காய்ந்த பின் தேய்த்து, அடுத்ததைப் பூசி, இப்படியே ஒரு காரை முடிக்க வாரக்கணக்கானது. தொழிற்சாலை ஒரு நாளில் எத்தனை கார்களைப் பூட்டினாலும் அவை பெயின்ட் காயும்வரை காத்துக் கிடக்க வேண்டும். முதலாம் உலக யுத்தம் முடிந்தபோது, வெடிமருந்துக்கு அடிப்படையான நைட்ரோசெலுலோஸைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் வசதி அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்திடம் மிஞ்சியிருந்தது. அதே பொருளிலிருந்து அவர்கள் உருவாக்கிய விரைவில் உலரும் பெயின்டே டூக்கோ. 1923இல் அறிமுகமாகி, 1924ஆம் ஆண்டின் ஓக்லண்ட் கார்களுக்கு நீல நிறத்தில் அடிக்கப்பட்டது. வாரங்கள் மணித்தியாலங்களாகக் குறைந்தன. வணிகப் பெயர் வேலைத்தலத்தின் பொதுப்பெயராகி மாத்தளைவரை வந்துவிட்டது.

அதைத் தெளிக்கும் துவக்கின் கதை இன்னும் விசித்திரமானது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிவில்பிஸ் என்றொரு வைத்தியர் இருந்தார். நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைப் புகையாகத் தெளிக்க அவர் 1880களில் ஒரு கருவி செய்தார். அவரது மகன் 1907இல் அத்தத்துவத்தை வைத்தே பெயின்ட் தெளிக்கும் துவக்கை உருவாக்கினார். தொண்டையைச் சுகப்படுத்தப் பிறந்த கருவி, பாஸ் நாநாவைப் போன்ற எத்தனையோ பேரின் நெஞ்சைக் கெடுத்துவிட்டது. புதுவகை இரண்டு கலவைப் பெயின்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது; அதன் புகார் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் அதை அடிக்கவே கூடாது. "அந்தச் சாமான வூட்டுப் பக்கம் கொண்டு வராதீங்க" என்று அவர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். ஆகவே என் காருக்கும் என்சிதான். அதற்கும் கரைப்பான் வாயுக்கான வடிகட்டி உள்ள முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும்; பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.

அந்தப் பழுப்பு வெள்ளை அடிக்கப்பட்டது 1979இல். எனக்கு அப்போது பதினைந்து வயது. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின், அதுவரை கண்டிராத சாமான்களெல்லாம் கடைகளில் நிரம்பிய காலம். ஒரு கராஜில் கொடுத்து அடித்துக்கொண்டு வந்தார்கள். புதுக்கார் போலப் பளபளத்தது. இரண்டு மூன்று வருடத்தில் வெடிக்கத் தொடங்கியது. காரணம் என்னவென்று இப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. காய்ந்த எனாமலின் மேல் நேரடியாக என்சியை அடித்தால், அதன் தின்னர் கீழுள்ள எனாமலை இளக்கிக் கிளப்பிவிடும். கீழே நிலை இல்லாத பூச்சு மேலே எவ்வளவு பளபளத்தாலும் நிற்காது. அன்று அவசரமாக மூடியதை இன்று நான் அவசரமில்லாமல் திறந்துகொண்டிருந்தேன்.

வெள்ளைக்குக் கீழே வந்தது பச்சை.

இந்தப் பச்சையைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. 1974இல், எனக்குப் பத்து வயதில், வாப்பா தானே தூரிகையால் காருக்குப் பச்சை எனாமல் பூசினார். எங்கள் வீட்டு அலுமாரிக்கு அடித்த அதே பச்சை. பாடசாலையில் பிள்ளைகள் அதற்கு 'அலுமாரிக் கார்' என்று பெயர் வைத்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் தூரிகையின் வரிகள் தெரியும். பெயின்ட் துவக்கால் அடிக்கக் காசு செலவழிக்க மனமில்லாத கஞ்சத்தனம் என்றே நான் நினைத்தேன். பாடசாலைக்கு முந்திய வளைவிலேயே இறங்கிவிடுகிறேன் என்று ஒருநாள் சொன்னேன். வாப்பா ஏனென்று கேட்கவில்லை. மறுநாளிலிருந்து சொல்லாமலே அந்த வளைவில் நிறுத்தினார். 1979வரை அப்படியே நடந்தது.

பச்சையை 240ஆம் இலக்க வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். உலர்வாகத் தேய்க்கவில்லை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். எமது நாட்டில் பெயின்டிலுள்ள ஈயத்துக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். அந்தத் தூள் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே பேரப்பிள்ளைகளைக் கொட்டில் பக்கம் வர விடவில்லை. தேய்த்த சேற்றைக் கானில் ஊற்றாமல் பழைய டின்னில் சேர்த்தேன். வேலை உடுப்பைத் தனியாகத் துவைத்தேன்.

இடது முன் மட்காட்டின் அடிப்பகுதியில் பச்சை விலகியபோது கீழே செம்மஞ்சள் நிறம் தெரிந்தது. பாஸ் நாநாவைக் கூப்பிட்டேன். அவர் குந்தி இருந்து விரல் நுனியால் அவ்விடத்தை மெதுவாகத் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

"படி தெரியுதா சேர்?"

தெரியவில்லை. சாம்பல், செம்மஞ்சள், பச்சை என்று மூன்று நிறங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. விரலுக்கு ஒரே தளமாகவே இருந்தது.

"இது ரெட் லெட். கறல் புடிச்ச எடத்த இரும்பு மட்டும் சொரண்டி, ஓரத்த எறக்கித் தேச்சி, ரெட் லெட் போட்டு, அதையும் தேச்சித்தான் பச்ச அடிச்சி ஈக்கி. ஒங்கட வாப்பா சும்மா பூசல்ல. பிரஷ்தான் கையில இருந்திருக்கு, வேலய ஒழுங்கா செஞ்சி ஈக்கார். அதுக்கு மேல வெள்ள அடிச்சவன்தான் வேல செய்யல்ல."

நான் அப்படியே தரையில் இருந்துவிட்டேன். ரெட் லெட் என்பது ஈயச் செந்தூரம். கறலைத் தடுக்கப் பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் பூசியது. ஓரத்தை இறக்கித் தேய்ப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. பழைய பூச்சின் விளிம்பு ஒரு படிபோல நிற்கும். அதை அகலமாகச் சாய்த்து, விரலுக்குத் தெரியாமல் ஆக்க வேண்டும். நான் உள்ளங்கையளவு இடத்துக்கு அரை நாள் எடுத்துக்கொண்டிருந்தேன். வாப்பா முழுக் காரையும் செய்திருக்கிறார்.

பிறகுதான் நினைவு வந்தது. அந்த வருடம் கடையை மூடிவிட்டு வந்து, இஷாவுக்குப் பின் அவர் கொட்டிலில் இருப்பார். ஒரு மின்குமிழ் தொங்கும். தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே நாங்கள் தூங்கிவிடுவோம். 1973, 74 ஆண்டுகள் எத்தகையன என்பதை அன்று வாழ்ந்தவர்கள் அறிவார்கள். பாணுக்காக விடியற்காலையில் வரிசை. அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டு போகத் தடை. புடவை பங்கீட்டு முறையில் வந்ததால் வாப்பாவின் கடை அலுமாரிகளில் பாதி வெறுமையாகவே கிடந்தது. புது மட்காட் ஒன்றை இறக்குவதைப் பற்றி நினைக்கவும் முடியாது. கறல் பிடித்தால் அந்தக் கறலோடு போராடியே காரைக் காப்பாற்ற வேண்டும். அக்காலத்தில் கிடைத்த எனாமல் அதுதான். கிடைத்த நிறமும் அதுதான். அந்தக் காரில்தான் உம்மாவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனார். அதில்தான் கண்டிக்குத் துணி எடுக்கப் போனார். அதில்தான் என்னை அந்த வளைவுவரை கொண்டுவந்து விட்டார்.

செம்மஞ்சளுக்குக் கீழே இருந்தது சாம்பல். தின்னருக்கு அது அசையவேயில்லை. தொழிற்சாலைச் சூளையில் சுடப்பட்ட பூச்சு அது. 'ஸ்மோக் கிரே' என்பது அதன் பெயர். பெயரில் சாம்பல் என்றிருந்தாலும் நிறுவனத்தின் நிறப்பட்டியலில் அதன் குறியீடு பீயூ 15. அதாவது அது நீல வரிசையில் சேர்க்கப்பட்டிருந்தது. வெயிலில் வைத்துப் பார்த்தால் அதன் காரணம் புரியும்.

பொனட்டைத் தேய்க்கும்போது அதன் நடுவே நீளவாக்கில் ஒரு தட்டையான பட்டை கைக்குத் தட்டுப்படும். மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், உஸ்மானியப் பேரரசின் ஸ்மேர்னாவில், இன்றைய இஸ்மீரில், 1906இல் பிறந்தவர். 1922இல் அந்நகரை விட்டு அகதியாக வெளியேறிய குடும்பம். காரின் மாதிரி தயாரான பிறகும் அதன் அகலம் அவருக்குத் திருப்தி தரவில்லை. மாதிரியை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். அந்த நான்கு அங்குலம்தான் பொனட்டின் நடுப்பட்டை. 1948 ஒக்டோபரில் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான மைனர், 1960 டிசம்பரில் பத்து இலட்சத்தை எட்டியது. எந்தப் பிரித்தானியக் காரும் அதற்கு முன் அத்தொகையை எட்டியதில்லை. அதைக் கொண்டாட 350 வரையான கார்களுக்கு இளம் ஊதா நிறம் அடித்தார்கள். உற்பத்தி 1971இல் முடிந்தது.

இங்கிலாந்தில் இத்தகைய கார்களை இன்று 'கிளாசிக்' என்கிறார்கள். நாமும் அச்சொல்லை எடுத்துக்கொண்டோம். ஆனால் அச்சொல்லில் நமது வரலாறு மறைந்துபோகிறது என்பது என் எண்ணம். அங்கே புதுக்கார் வந்த பின்பும் பழையதை நேசித்து வைத்துக்கொண்டவர்களின் சொல் அது. இங்கே 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977வரை பெரும்பாலானோருக்குப் புதுக்கார் என்பதே இல்லை. இருந்த காரை வைத்துக்கொண்டு டிங்கரிங் பாஸ்மாரும் பெயின்ட் பாஸ்மாரும் வாப்பாவைப் போன்ற கடைக்காரர்களும் ஒரு பெரிய கைத்திறனை வளர்த்தார்கள். அத்திறன் வெறுங்கதையல்ல, 1990களில் இலங்கையில் செய்த மைனர் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. வறுமையை நான் புகழவில்லை. பாண் வரிசையில் நின்றவன் அதைப் புகழ மாட்டான். அந்த வறுமைக்குள் மனிதர்கள் செய்த வேலைக்கு உரிய பெயரைக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. நான் காரைத் தேய்த்துக்கொண்டிருந்த 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு அனுமதி திரும்பவும் கிடைத்தது. பத்திரிகையில் அச்செய்தியை ஈயச் சேறு படிந்த கையோடு வாசித்தேன்.

நோன்புக்கு முன் தேய்ப்பு வேலை முடிந்தது. வெள்ளையையும் இளகிய பச்சையையும் முழுதாக எடுத்துவிட்டேன். சாம்பல் பூச்சு உறுதியாக இருந்த இடங்களில் அதையே அடித்தளமாக விட்டேன். பெருநாள் கழிந்த பின் ப்ரைமர் அடித்தேன். அதன் மேல் கறுப்புப் பெயின்டை மெல்லிய தூவலாக அடித்து, மரக்கட்டையில் சுற்றிய 400ஆம் இலக்கப் பேப்பரால் தேய்த்தேன். கறுப்பு அழியாமல் எஞ்சும் இடம் பள்ளம். சீக்கிரம் அழியும் இடம் மேடு. ப்ரைமர் நீரை உறிஞ்சும் என்பதால் தேய்த்தவுடன் துடைத்து வெயிலில் காய வைத்தேன். கடைசியாக 600. ஈரலிப்பான வேளையில் என்சி அடித்தால் பூச்சின் மேல் வெள்ளை பூத்துவிடும். ஆகவே பின்னேர மழைக்கு முந்திய காய்ந்த காலையொன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

நிறம் ஸ்மோக் கிரே. அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஓரிடத்தைத் தவிர. பொனட்டைத் திறந்தால் பின்சுவரில், பற்றறித் தட்டுக்கு மேலே, உள்ளங்கையளவு இடம் இருக்கிறது. அங்கே வெள்ளை, பச்சை, செம்மஞ்சள், சாம்பல் நான்கையும் படிப்படியாக இறக்கித் தேய்த்து, காகிதத்தால் மூடி ஓரத்தை ஒட்டிவிட்டேன். அதன் மேல் பெயின்ட் படாது. பச்சையில் வாப்பாவின் தூரிகை வரிகள் இன்னும் தெரிகின்றன.

முந்திய நாள் மஃரிபுக்குப் பின் பாஸ் நாநா வந்து பார்த்தார். நான் செய்த ஓரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். வலது கதவடியில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதில இன்னும் படி ஈக்கி, சேர்" என்றார்.

விளக்கைப் போட்டேன். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, பேப்பரோடு தரையில் இருந்தேன்.